பாராலீகல் சான்றிதழ்: செலவையும் பலனையும் எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் சட்டத்துறைக்குள் நுழைய ஆசைப்பட்டு, ஆனால் மூன்றாண்டுச் சட்டக் கல்லூரிப் படிப்புக்கும் அதற்கான கடனுக்கும் தயாராக இல்லாதவர்களின் கண்ணில் முதலில் படுவது பாராலீகல், அதாவது வழக்கறிஞருக்குத் துணைநிற்கும் சட்டப் பணியாளர், ஆவதற்கான சான்றிதழ்தான். ஓராண்டுக்குள் முடிக்கலாம், மாலை நேரத்தில் படிக்கலாம், இணையவழியிலும் படிக்கலாம், பட்டப்படிப்போடு ஒப்பிட்டால் கட்டணமும் குறைவு. இவை அத்தனையும் உண்மை. ஆயினும் அதே சான்றிதழ் ஒருவருக்குப் போட்ட பணத்தை ஓரிரு ஆண்டுகளில் திருப்பிக் கொடுக்கிறது; இன்னொருவருக்கோ கோப்பிலேயே கிடக்கிறது. படிப்பின் தரத்தைவிட, படிக்க வருபவர் இப்போது என்ன வேலையில் இருக்கிறார், எந்த மாநிலத்தில் வசிக்கிறார், கையில் ஏற்கெனவே என்ன பட்டம் வைத்திருக்கிறார் என்பவையே இந்த வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அதனால் கல்லூரிக் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு; இந்த வழிகாட்டி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 1: வேலையை அருகிலிருந்து பாருங்கள்

பாராலீகல் என்பவர் வழக்கறிஞரின் மேற்பார்வையில் சட்டப் பணியின் பெரும்பகுதியைச் செய்பவர். மனுக்களையும் பதில்களையும் வரைவு செய்வது, ஆவணங்களைத் திரட்டி எண்ணிட்டு ஒழுங்குபடுத்துவது, கட்சிக்காரரிடம் விவரம் சேகரிப்பது, மேற்கோள் காட்டிய தீர்ப்புகளைச் சரிபார்ப்பது, நீதிமன்றத்தில் மின்வழியாகத் தாக்கல் செய்வது ஆகியவை அன்றாடம் நடப்பவை. செய்யக் கூடாதவையும் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, வழக்கை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது, கட்டணம் நிர்ணயிக்கக் கூடாது, நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது. இந்த எல்லையைத் தாண்டுவது உரிமமின்றிச் சட்டத் தொழில் நடத்துவதாகக் கருதப்படும்.

இந்த வேலையின் இயல்பைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பணியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடக்கும் ஓர் உரிமையியல் வழக்கில், எதிர்த்தரப்பு "இந்த இந்தச் செய்திகளை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா" என்று கேட்கும் கோரிக்கைகளை 2025 மார்ச் 3 அன்று அஞ்சலில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல 30 நாள் உண்டு. அனுப்பிய நாளைக் கணக்கில் சேர்க்காமல், சனி, ஞாயிறுகளைச் சேர்த்து எண்ணினால் ஏப்ரல் 2 வரும். அஞ்சலில் வந்ததால் மேலும் 3 நாள் சேரும்; அது ஏப்ரல் 5, சனிக்கிழமை. கடைசி நாள் விடுமுறையில் விழுவதால் கெடு ஏப்ரல் 7, திங்கட்கிழமைக்கு நகரும். அதுவே மின்வழியாக வந்திருந்தால் அந்த 3 நாள் கிடையாது; ஏப்ரல் 2 தான் கெடு. நாள் தவறினால், நீதிமன்றம் தலையிட்டு அனுமதித்தாலன்றி, கேட்கப்பட்ட அத்தனையும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். நாட்காட்டியில் விழும் ஒரு பிழை ஒரு வழக்கையே சாய்த்துவிடக்கூடும் என்பதால், இத்தகைய கணக்கை ஆண்டு முழுவதும் பல வழக்குகளுக்கு ஒரே நேரத்தில் சலிப்பின்றிச் செய்யக்கூடியவரையே அலுவலகங்கள் தேடுகின்றன. மேலே சொன்னதைப் படிக்கும்போது சலிப்பு ஏற்பட்டால் அதையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளுங்கள். மாறாக, "அஞ்சலில் வந்ததா, மின்வழியாக வந்ததா என்பதை எங்கே பார்ப்பது" என்று உங்கள் மனம் தானாகக் கேட்டிருந்தால், அது நல்ல அறிகுறி.

நேரடியாகப் பார்க்க ஒரு மலிவான வழியும் இருக்கிறது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் வழக்கு ஆவணங்களைப் பேசர் என்னும் இணையத்தளத்தில் யாரும் கணக்குத் தொடங்கிப் பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் பயன்படுத்தினால் அந்தக் கட்டணமும் தள்ளுபடி. செய்தியில் படித்த ஏதேனும் ஒரு வழக்கை எடுத்து, அதன் பதிவேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பாருங்கள். எந்தக் கல்லூரியின் விளம்பரக் கையேட்டையும்விட அது இந்தத் தொழிலைப் பற்றி அதிகம் சொல்லும்.

படி 2: சான்றிதழ், தேர்வுச் சான்று, உரிமம் ஆகிய மூன்றையும் பிரித்தறியுங்கள்

இங்கே ஏற்படும் குழப்பத்தால் பணத்தை இழப்பவர்கள் பலர் என்பதால் சற்று நின்று கவனியுங்கள்.

முதலாவது, ஒரு கல்லூரி நடத்தும் படிப்பை முடித்ததற்கு அது தரும் சான்றிதழ். இதில் மதிப்பு மிக்க அடையாளம் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம். 1975 முதல் அச்சங்கம் பாராலீகல் படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகரித்து வருகிறது. அங்கீகாரம் படிப்புக்குத்தானே தவிர ஆளுக்கு அன்று. அந்தச் சங்கம் எந்தத் தனிநபருக்கும் பாராலீகல் சான்று வழங்குவதில்லை. அவ்வாறு கூறும் விளம்பரத்தைக் கண்டால் விலகி நில்லுங்கள்.

இரண்டாவது, தொழில்முறை அமைப்புகள் தேர்வு வைத்து வழங்கும் சான்று. நாலா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு 1976 முதல் நடத்திவரும் தேர்வு இவற்றில் நன்கு அறியப்பட்டது. 120 கேள்விகள் கொண்ட அறிவுத்தேர்வில் தேறிய பிறகு எழுத்துத் திறன் தேர்வை எழுத வேண்டும். சான்று பெற்றபின் ஐந்தாண்டுக்கு 50 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம். எந்தத் துறையிலாவது இளநிலைப் பட்டமும் ஓராண்டு பாராலீகல் அனுபவமும் உள்ளவர் கல்லூரிச் சான்றிதழ் இல்லாமலேயே இத்தேர்வை எழுதலாம். ஏற்கெனவே ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சான்றிதழ் படிப்பதற்கு முன் இந்த ஒரு வரியை நன்றாக யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, மாநிலம் வழங்கும் உரிமம். பெரும்பாலான மாநிலங்களில் பாராலீகலாக வேலை செய்ய உரிமம் எதுவும் தேவையில்லை. அரிசோனா, யூட்டா போன்ற சில மாநிலங்கள் மட்டும், வழக்கறிஞர் அல்லாதவர் குடும்ப வழக்கு, வீட்டுவாடகைத் தகராறு போன்ற வரையறுத்த துறைகளில் நேரடியாக மக்களுக்குச் சேவை செய்யத் தனி உரிமத்தை உருவாக்கியுள்ளன. வாஷிங்டன் மாநிலம் 2012-ல் இத்தகைய திட்டத்தை முதலில் கொண்டுவந்து, 2020-ல் அதை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. எனவே இத்தகைய உரிமத்தை மட்டும் நம்பித் திட்டமிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

படி 3: உங்கள் மாநிலத்தில் எது கதவைத் திறக்கிறது என்று பாருங்கள்

கலிஃபோர்னியாவில் யார் தன்னைப் பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதைச் சட்டமே சொல்கிறது. வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த படிப்பின் சான்றிதழ் ஒரு வழி. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில், சட்டம் சார்ந்த பாடங்களில் குறைந்தது 24 செமஸ்டர் யூனிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட படிப்பு மற்றொரு வழி. எந்தத் துறையிலாவது இளநிலைப் பட்டமும், தகுதியுள்ள வழக்கறிஞரின் மேற்பார்வையில் ஓராண்டு சட்டப் பணி அனுபவமும், அதை உறுதிசெய்யும் அவரது எழுத்துமூல அறிவிப்பும் இன்னொரு வழி. அதற்குப் பிறகும் இரண்டாண்டுக்கு ஒருமுறை 4 மணி நேரம் தொழில் நெறியிலும் 4 மணி நேரம் சட்டத்திலும் தொடர்கல்வி பெற வேண்டும். ஆக, அந்த மாநிலத்தில் சான்றிதழ் வெறும் அலங்காரம் அன்று. சட்டம் கேட்கும் தகுதி. ஆனால் அங்கேயும், 24 யூனிட்டுக்குக் குறைவான ஆறு வார, எட்டு வார இணையப் படிப்பு அந்தத் தகுதியைத் தராது.

மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் கதவைக் காப்பது சட்டம் அன்று, வேலை தருபவரின் விருப்பம். புளோரிடா, வட கரோலினா, டெக்சஸ் போன்றவற்றில் விரும்புவோர் பெறத்தக்க பதிவோ சான்றோ உண்டு, கட்டாயம் இல்லை. ஆகையால் அங்கே ஒரே நம்பகமான ஆதாரம் வேலை விளம்பரங்கள். நீங்கள் தினமும் போய்வரக்கூடிய தொலைவில் உள்ள முப்பது நாற்பது விளம்பரங்களைச் சேகரியுங்கள். ஒவ்வொன்றிலும் சான்றிதழ் கட்டாயமா, விரும்பத்தக்கதா, பேச்சே இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள், எந்தச் சட்டத்துறை, எந்த மென்பொருள், என்ன சம்பளம் என்பவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். "சான்றிதழ் அல்லது இரண்டாண்டு அனுபவம்" என்ற வாசகத்தை அடிக்கடி கண்டால், சான்றிதழுக்கு உங்கள் ஊரில் இரண்டாண்டு அனுபவத்தின் மதிப்பு இருக்கிறது. அது உண்மையான ஆதாயம். "சான்றிதழும் மூன்றாண்டு அனுபவமும்" என்றே எல்லோரும் கேட்டால், சான்றிதழ் மட்டும் உங்களை உள்ளே அழைத்துச் செல்லாது. முதலில் வரவேற்பாளராகவோ, கோப்பு எழுத்தராகவோ, சட்டச் செயலராகவோ நுழைவதற்கான வழியைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலைத் தயாரிக்க இரண்டு மாலைப் பொழுதுகள் போதும். முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

படி 4: முழுச் செலவையும் எழுதுங்கள்

கட்டணம் படிப்புக்குப் படிப்பு மிகவும் வேறுபடுகிறது. மலிவான எல்லையில் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 24 யூனிட் படிப்புக்கு 1,104 டாலர்தான் ஆகும். அதே கல்லூரியில் மாநிலவாசியாகக் கருதப்படாதவர் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் விசா நிலை கட்டணத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பிரிவுகளும் தனியார் கல்லூரிகளும் பல ஆயிரம் டாலர் கேட்கின்றன. அந்தக் கூடுதல் பணம் சில இடங்களில் வழக்கறிஞர் சங்க அங்கீகாரத்தையும் பயிற்சி வேலைக்கான ஏற்பாட்டையும் வாங்கித் தருகிறது. சில இடங்களில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமே வாங்கித் தருகிறது.

கட்டணத்தோடு புத்தகம், மென்பொருள், பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைச் சேருங்கள். பிறகு, பலரும் எழுத மறக்கும் வரிகளுக்கு வாருங்கள். படிப்புக்காக விட்டுக்கொடுக்கும் வேலை நேரத்தின் சம்பளம் ஒன்று. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு இன்னொன்று. படித்து முடித்தபின் வேலை தேடும் மாதங்கள் மூன்றாவது. கல்லூரிக் கட்டணத்தைவிட இந்த மூன்றும் சேர்ந்த தொகை பெரிதாக இருப்பது அபூர்வம் அன்று.

செலவைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகை, ஏற்கெனவே இளநிலைப் பட்டம் வைத்திருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது; வெளிநாட்டில் பெற்ற பட்டமும் இதில் கணக்கில் வரும். ஆனால் வாழ்நாள் கற்றல் வரிச்சலுகை அத்தகையோருக்கும் பயன்படும். தகுதியுள்ள கல்விச் செலவில் முதல் 10,000 டாலருக்கு 20 சதவீதம், அதாவது ஆண்டுக்கு அதிகபட்சம் 2,000 டாலர் வரியிலிருந்து நேரடியாகக் குறையும். பட்டப்படிப்பாக இருக்க வேண்டியதில்லை. தனியாக வரித்தாக்கல் செய்பவருக்கு ஆண்டு வருமானம் 80,000 டாலரிலிருந்தும், தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு 160,000 டாலரிலிருந்தும் இந்தச் சலுகை குறையத் தொடங்கி, முறையே 90,000, 180,000 டாலரில் முற்றிலும் மறைகிறது. கூட்டாட்சி மாணவர் உதவித் திட்டங்களில் பங்குபெறத் தகுதியுள்ள கல்வி நிறுவனமாக இருந்தால்தான் இது செல்லும். மலிவான தனியார் இணையப் படிப்புகளில் பல இந்த இடத்தில் தவறிவிடுகின்றன. இப்போது வேலையில் இருப்பவர்கள், தங்கள் நிறுவனத்தில் கல்வி உதவித் திட்டம் உண்டா என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அப்படிப் பெறும் தொகைக்கு வருமான வரி கிடையாது.

படி 5: சம்பளத்தை உள்ளபடி அறிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி பாராலீகல்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் சுமார் 61,000 டாலர். கல்லூரிகளின் விளம்பரத்தில் இந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் இது பத்து, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்த கணக்கு. பாதிப் பேர் இதற்குக் கீழேதான் பெறுகிறார்கள், புதிதாக வருபவர் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருப்பார். உங்கள் கணக்கில் இட வேண்டிய எண், படி 3-ல் நீங்கள் சேகரித்த விளம்பரங்களில் தொடக்க நிலை வேலைக்குச் சொல்லப்பட்ட சம்பளம். அதே துறை, அடுத்த பத்தாண்டில் இந்தத் தொழிலில் மொத்த வேலைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாது என்றும் கணித்துள்ளது. ஓய்வு பெறுபவர்களாலும் வேறு தொழிலுக்குப் போகிறவர்களாலும் காலியிடங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் வளரும் துறை என்ற வாக்குறுதியை நம்பி இறங்க வேண்டாம்.

எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதும் சம்பளத்தை மாற்றுகிறது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் சட்ட நிறுவனத்தில் பாராலீகலின் நேரமும் கட்சிக்காரரிடம் வசூலிக்கப்படுகிறது. வேலையை ஆறு ஆறு நிமிடத் துண்டுகளாகக் குறித்து வைப்பார்கள். தோற்ற தரப்பு வழக்குச் செலவைக் கொடுக்க வேண்டிய வழக்குகளில், பாராலீகல் நேரத்தைச் சந்தை விலையில் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் மிசௌரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே இத்தகைய நிறுவனங்களில் நீங்கள் செலவினம் அல்லர், வருமானம் ஈட்டித் தருபவர். சம்பள உயர்வு கேட்கும்போது, நீங்கள் ஈட்டித் தந்த தொகை எவ்வளவு என்ற எண் உங்கள் கையில் இருக்கும். விபத்து இழப்பீடு போன்ற, வெற்றி பெற்றால் மட்டும் பங்கு வாங்கும் அலுவலகங்களில் இந்தக் கணக்கு பொருந்தாது. பெருநிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் கூட்டாட்சி அரசும் பொதுவாகக் கூடுதலாகத் தருகின்றன. கூட்டாட்சி வேலைக்குப் பெரும்பாலும் குடியுரிமை வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டாட்சித் தொழிலாளர் விதிகளின்படி பாராலீகல்கள் பொதுவாக மிகைநேர ஊதியத்துக்கு உரியவர்கள். வாரத்தில் 40 மணிக்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கிடைக்க வேண்டும். "நீங்கள் மாதச் சம்பளக்காரர், மிகைநேரம் கிடையாது" என்று நேர்காணலில் சொன்னால், ஏன் என்று பணிவாகக் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஆவணங்களை முதற்கட்டமாகப் பிரிப்பது, சுருக்கம் எழுதுவது, வார்ப்புருவில் கடிதம் தயாரிப்பது ஆகியவற்றில் மென்பொருள் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது. அவற்றை மட்டுமே கற்றுத்தரும் படிப்பு பழையதாகிவிட்டது. மறுபக்கத்தில், 2023-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், மென்பொருள் கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேற்கோளை மூலத்தில் திறந்து பார்த்து உறுதிசெய்யும் ஆளின் தேவை அதற்குப் பின் கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்தப் பழக்கத்தைக் கடுமையாகப் பயிற்றும் படிப்பைத் தேடுங்கள்.

படி 6: கணக்கைப் போடுங்கள்

கீழே வரும் தொகைகள் எடுத்துக்காட்டுகளே. உங்கள் எண்களை அவற்றின் இடத்தில் வையுங்கள்.

ஒருவர் கடை மேற்பார்வையாளராக ஆண்டுக்கு 36,000 டாலர் பெறுகிறார். அவருடைய ஊரில் தொடக்கநிலைப் பாராலீகல் வேலை 45,000 டாலர் தருகிறது. வேறுபாடு 9,000, வரியும் பிடித்தங்களும் போகக் கையில் சேர்வது 6,750 என்று கொள்வோம். கட்டணம் 5,000, புத்தகமும் மென்பொருளும் 600, விட்டுக்கொடுத்த வேலை நேரம் 1,900. ஆக மொத்தம் 7,500. வரிச்சலுகையில் 1,000 திரும்பக் கிடைத்தால் 6,500. வேலையில் சேர்ந்த ஓராண்டுக்குள் பணம் திரும்பிவிடுகிறது. படிப்புக்குப் பத்து மாதம், வேலை தேடலுக்கு ஐந்து மாதம் என்று சேர்த்தால், பணம் கட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டே கால் ஆண்டு. இது வேலை நிச்சயம் கிடைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. கிடைக்கும் வாய்ப்பு பத்தில் ஆறு என்று கொண்டால் ஆண்டு ஆதாயம் 4,050 ஆகச் சுருங்கி, ஈடாகும் காலம் மொத்தம் மூன்றாண்டை நெருங்கும். அப்போதும் இது நல்ல முதலீடுதான். ஆனால் கடன் வாங்கிச் செய்யத்தக்கதா என்பது வேறு கேள்வி.

அடுத்து, குழந்தை பிறந்தபின் வேலையை விட்டு, இப்போது மீண்டும் தொடங்க விரும்பும் ஒருவர். வாழ்க்கைத்துணை நல்ல சம்பளத்தில் இருக்கிறார். 44,000 டாலர் வேலை கிடைத்தால், அந்த வருமானம் துணையின் வருமானத்துக்கு மேல் அடுக்கப்படுவதால் அதன் மீது உயர்ந்த விகிதத்தில் வரி விழும். எல்லாப் பிடித்தமும் 35 சதவீதம் என்றால் கையில் 28,600. குழந்தைக் காப்பகம் மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000 போய்விடும். மிஞ்சுவது 10,600. இந்தத் தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் குழந்தை பள்ளி சேரும்போது காப்பகச் செலவு இறங்கும், அனுபவம் கூடும்போது சம்பளம் ஏறும். இவர் ஓராண்டுக் கணக்கைப் பார்க்காமல் ஐந்தாண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மென்பொருள் சோதனையாளராக 75,000 டாலர் பெற்றுக்கொண்டு துறை மாற நினைப்பவருக்கு வழக்கமான பாராலீகல் வேலை வருமானத்தைக் குறைக்கவே செய்யும். அவருக்குப் பொருத்தமான நுழைவாயில், வழக்குகளுக்காக மின்னஞ்சல்களையும் கோப்புகளையும் சேகரித்து வடிகட்டும் மின்னாவணப் பிரிவு. அங்கே பொதுவான பாராலீகல் சான்றிதழைவிட ரிலேட்டிவிட்டி போன்ற மின்னாவண மென்பொருள் தளங்களில் பெற்ற திறன் சான்று விரைவாகக் கதவைத் திறக்கும்.

படி 7: விசாவும் வெளிநாட்டுப் பட்டமும்

பாராலீகல் வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் இளநிலைப் பட்டம் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. அதனாலேயே இந்த வேலையை வைத்து, அத்தகைய பட்டம் தேவைப்படும் வேலைகளுக்கான ஹெச்-1பி விசா பெறுவது மிகக் கடினம். சான்றிதழ் படித்து விசா பெறலாம் என்ற எண்ணத்தில் யாரும் பணம் கட்ட வேண்டாம். ஹெச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவில் வேலை அனுமதி உள்ளவர்கள், அனுமதி முடியும் தேதியையும் புதுப்பிக்க ஆகும் காலத்தையும் படிப்பின் கால அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்; முதல் வேலையின் ஆறாவது மாதத்தில் அனுமதி அறுந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ பெற்ற பட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மூன்றாண்டுப் பட்டத்தைச் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு நிகராகக் கொள்வதில்லை; பட்டதாரிகளுக்கான சான்றிதழ்ப் படிப்பில் சேர்வது அதைப் பொறுத்தது.

இந்தியாவில் சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும். நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் வெளிநாட்டில் சட்டம் பயின்றவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வழக்கறிஞர் தேர்வு எழுத வழி வைத்துள்ளன. உங்கள் படிப்பு அந்த நிபந்தனைகளுக்குள் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். வழக்கறிஞராகும் தகுதி இருந்தும், அது தெரியாமல் பாராலீகல் சான்றிதழுக்குப் பணம் கட்டுவது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

தமிழர்கள் பலருக்கு இயல்பாகப் பொருந்தும் துறை குடிவரவுச் சட்டம். ஐ-140 (வேலை வழிக் குடிவரவு மனு), ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்), ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) என்பவை வீட்டுப் பேச்சாகவே பழகியவை. படிவத்துக்குப் பின்னால் இருக்கும் குடும்பத்தின் பதற்றமும் தெரியும். அதே நெருக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. நீங்கள் அந்த அலுவலகத்தில் சேர்ந்த மறுவாரமே, பிறந்தநாள் விருந்தில் ஒருவர் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என் மனு ஏன் நிற்கிறது, வேறு படிவம் போடலாமா" என்று கேட்பார். பதில் தெரிந்தாலும் சொல்லக் கூடாது. அது சட்ட ஆலோசனை. நேரடியாக ஆலோசனை சொல்லவே விருப்பம் இருந்தால் முறையான வழி ஒன்று உண்டு. அங்கீகரிக்கப்பட்ட இலாபநோக்கற்ற அமைப்புகளில் பணிபுரிபவர்கள், நீதித்துறையின் அனுமதி பெற்ற பிரதிநிதியாகி, வழக்கறிஞராக இல்லாமலேயே குடிவரவு அதிகாரிகள் முன் மக்களுக்காக நிற்கலாம். சம்பளம் பெரிதாக இராது. ஆனால் அந்த வேலையின் நிறைவை விலையில் சொல்ல முடியாது.

படி 8: கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள்

சேர்க்கை ஆலோசகரின் வேலை உங்களைச் சேர்ப்பது. அது அவர் குற்றமன்று, ஆனால் வாய்வழிப் பதில்களை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள். கடந்த ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? முடித்தவர்களில் எத்தனை பேர் பாராலீகல் என்ற பெயரிலேயே வேலை பெற்றார்கள், எந்த வகை அலுவலகங்களில்? பயிற்சி வேலையைக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா? பெறும் கிரெடிட்டுகள் பின்னாளில் பட்டப்படிப்புக்கு மாறுமா? சொல்லித்தருபவர்கள் இப்போதும் தொழில் செய்யும் வழக்கறிஞர்களா? சட்ட ஆராய்ச்சித் தளங்களான வெஸ்ட்லா அல்லது லெக்சிஸில் மாணவர்களுக்குக் கணக்கு உண்டா? "எங்கள் மாணவர்கள் சிறந்த நிறுவனங்களில் இருக்கிறார்கள்" என்பது இவற்றில் எந்தக் கேள்விக்கும் பதிலாகாது. முன்னாள் மாணவர்கள் இருவரோடு பேச வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். தயங்கும் கல்லூரியைவிட உடனே பெயர் தரும் கல்லூரியை நான் நம்புவேன்.

வழக்கறிஞர் சங்க அங்கீகாரத்தைக் கல்லூரியின் பக்கத்தில் பார்க்காமல் சங்கத்தின் பட்டியலிலேயே சரிபாருங்கள்.

படி 9: சிறிய அளவில் தொடங்குங்கள்

எல்லாப் பதில்களும் சாதகமாக இருந்தாலும் முழுப் படிப்புக்கும் ஒரே தவணையில் பணம் கட்ட வேண்டாம். பாடவாரியாகக் கட்டணம் வாங்கும் கல்லூரியில் சட்ட ஆராய்ச்சியும் எழுத்தும் என்ற பாடத்தை, முன்தேவை எதுவும் இல்லையென்றால், முதலில் எடுங்கள். மிகக் கடினமானதும் வேலையில் அதிகம் பயன்படுவதும் அதுதான். பிடிக்கிறதா இல்லையா என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். அதே பருவத்தில், உங்கள் வட்டாரத்துச் சட்ட உதவி அமைப்பில் தன்னார்வலராக வாரம் சில மணி நேரம் கொடுங்கள். பலருக்கு முதல் வேலை கிடைப்பது விண்ணப்பத்தால் அன்று. தங்கள் வேலையை நேரில் பார்த்த ஒரு வழக்கறிஞரின் பரிந்துரையால். பருவம் தொடங்கும் முன்பே, முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் கடைசி நாளைக் கல்லூரியின் விதிப்புத்தகத்தில் கண்டுபிடித்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் உட்கார்ந்தபின் மனம் மாறினால், அந்த நாளுக்கு முன் எழுத்துமூலம் விலகல் கடிதம் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான பதிலையும் வாங்கி வையுங்கள்.